நாம் விரும்பிப் படித்த பேய்கள்

மாலைச் செபமாலை முடிந்த கையோடு பேய்க்கதைப் புத்தகத்தைத் தேடி எடுக்கும் வழக்கம் நமக்குச் சிறு வயது முதலே உண்டு. கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இது தகுமோ என்று கேட்ட பெரியோர் பலர். பங்குத்தந்தை ஒருவர் மட்டும், "செபமாலைக்கு முன்னால் எடுக்காதவரை குற்றமில்லை" என்று சிரித்துக்கொண்டே கூறினார். அந்த ஒரு சொல்லைத் துணையாகக் கொண்டு இத்தனை ஆண்டுகள் படித்தும் பார்த்தும் வந்திருக்கிறோம். அவற்றுள் நம் நெஞ்சில் தங்கியவை எவை, நம்மை ஏமாற்றியவை எவை என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். இறுதியில் கூற வேண்டிய ஒரு குற்ற அறிக்கையும் உண்டு.

நாம் வாழும் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில் பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டி அமைந்தது. புள் என்பது பறவை. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் என்று தலபுராணம் கூறும். நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் இங்கு உள்ளது. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் கல்வி பயின்றதும் இவ்வூரிலேயே என்பர். அந்த ஆசிரியரையும் மாணவரையும் பற்றி வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு வரலாறே நாம் கேட்ட முதல் பேய்க்கதை.

காஞ்சி அரசனின் மகளைப் பிரமராட்சசன் ஒன்று பற்றிக்கொண்டது. மந்திரத்தில் வல்லவர் எனப் பெயர்பெற்ற யாதவப்பிரகாசரை அழைத்தார்கள். அவரைக் கண்டதும் அது நகைத்தது. "முற்பிறவியில் நீ மதுராந்தகம் ஏரிக்கரைப் புற்றில் உடும்பாய்க் கிடந்தவன், அடியார்கள் உண்டு எஞ்சிய சோற்றைத் தின்றதால் இப்பிறவி பெற்றாய்" என்று அவையின் நடுவே எள்ளியது. தானும் முன்பு வேள்வியில் பிழை செய்த அந்தணனே என்று கூறியது. பின்னர், உடன் வந்திருந்த மாணவராகிய இராமானுசர் சொன்னால் மட்டுமே நீங்குவேன் என்றது. நீங்கியதற்கு அடையாளம் வேண்டும் என்று அவர் கேட்க, அருகில் நின்ற அரச மரத்தின் கிளையை முறித்துவிட்டுச் சென்றதாம்.

சமய நோக்கில் இக்கதையைப் போற்றுவோர் போற்றட்டும். குழந்தைகளாய் இருந்த நமக்கோ ஆசிரியரின் தோல்வியும் மாணவரின் பெருமையும் பொருட்டாகவே இல்லை. அந்தக் கிளைதான் உறக்கத்தைக் கெடுத்தது. பேயை எவரும் பார்க்கவில்லை. கிளை முறிவதைத்தான் பார்த்தார்கள். நல்ல அச்சக் கதையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு மரக்கிளையில் அடங்கியிருப்பதைப் பின்னாளில் உணர்ந்தோம். அதோடு, இக்கதையில் வரும் பேய் வெறும் தீமையன்று. தவறிழைத்து வீழ்ந்து, யாரேனும் விடுவிக்க மாட்டாரா என்று காத்திருக்கும் ஓர் உயிர்.

தொண்டை நாட்டுக்கே உரிய மற்றொரு பேய் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் தொடர்ந்து வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரார் முன் கண்ணீர் வடித்தாள் என்பது கதை. அவள் மொழியை நம்பிய எழுபது வேளாளர், "உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று அந்த வணிகனுக்கு உறுதி கூறி அவளோடு அனுப்பினர். அவன் மாண்டான், அவர்கள் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர். 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் போலி அழுகையைச் சொல்கிறோம். நமக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கொலையுண்டவள் அவள். அவளுடைய முதற்கண்ணீர் மெய்யான கண்ணீர்தானே? அதனை மறந்துவிட்டு இரண்டாவது கண்ணீரை மட்டும் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம்.

அச்சிட்ட கதைகளுள் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்கு இணையாக இன்னொன்றை நம்மால் சொல்ல இயலவில்லை. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, வீட்டு வேலைக்கு என்று அவள் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிச்சைக்காரி, இவ்வளவே. வந்தவள் யார் என்பதைக் கடைசிவரை தெளிவாக்காமலேயே ஆசிரியர் நம்மை இருளில் விட்டுவிடுகிறார். பேய் என்று ஒப்புக்கொண்டால் அச்சம் ஓரளவு அடங்கிவிடும். மனப்பிரமை என்று தீர்ந்தாலும் அடங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் நிறுத்தியதே அவருடைய வன்மை.

மணற்குவித்து உட்கார்ந்து டூரிங் டாக்கீசில் பார்த்த படங்களில் மனத்தை விட்டு அகலாதவை சில. 1963இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில், நூறு வயது கடந்தும் பகை தீராமல் காத்திருக்கும் சமீன்தாராக நம்பியார் தோன்றும்போது அடுத்திருந்தவர் கையைப் பற்றாதவர் இல்லை. 1966இன் 'யார் நீ?' இந்திப் படம் ஒன்றின் தழுவல். வெள்ளைப் புடவையும் பனிமூட்டமுமாக மிரட்டிவிட்டு, எல்லாம் சொத்துக்காக மனிதர் செய்த சூழ்ச்சி என்று முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த 'அதே கண்கள்' படத்திலும் கொலைசெய்யும் கண்கள் மனிதக் கண்களே. அக்காலத் தமிழ்ப் படங்களின் பேய்கள் பலவும் இறுதியில் முகமூடி கழற்றிய உறவினர்களாகவே இருந்தது நமக்குச் சற்று ஏமாற்றமாயிருந்தது. இப்போது எண்ணிப் பார்த்தால் அவை பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. 1978இல் துரை இயக்கி ரசினிகாந்த், லதா நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்' முகமூடியைக் கழற்றவில்லை. அங்கே ஆவி ஆவியாகவே இருந்தது.

அண்மைக் காலத்தில் சிரிப்பும் கூச்சலும் கலந்த பேய்ப் படங்கள் மலிந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத இங்கு இடமில்லை; ஆர்வமும் இல்லை. மிஷ்கினின் 'பிசாசு' (2014) வேறு வகை. விபத்தில் இறந்த பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற முயன்ற இளைஞனின் வீட்டில் வந்து தங்குகிறது. அவளை மோதியவன் யார் என்று அவன் தேடுகிறான். தேடிச் சென்றால் மோதியவன் அவனே. அவளோ அதனை அறிந்தும் அவனுக்குக் காவலாய் இருந்திருக்கிறாள். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். திரையரங்கில் ஒரு பேயிடமிருந்து கேட்பது அதுவே முதல் முறை.

மேனாட்டுப் பக்கம் திரும்பினால், ஆல்பிரட் இட்ச்காக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து இலண்டனில் சேசு சபையார் பள்ளியில் படித்தவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் ஒரு கணத் திடுக்கீடே மிஞ்சும். குண்டு இருப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டு, மேசையைச் சுற்றி இருப்பவர்களை வெறும் பேச்சுப் பேச விட்டால் நெஞ்சு பதைக்கும் என்பது அவர் கண்ட உத்தி. 1960இல் வந்த 'சைக்கோ'வைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதில் ஓடும் இரத்தம் சாக்லேட் குழம்பு. இது தெரிந்த பின்னும் நமக்கு அக்காட்சியில் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில் சிலுவை காட்டினால் இரத்தக் காட்டேறி பின்வாங்குகிறது. அதுவரை சரி. ஆனால் வான் எல்சிங் என்னும் முதியவர், திவ்விய நற்கருணை அப்பத்தைப் பொடித்துப் பிசைந்து கல்லறைக் கதவின் இடுக்குகளை அடைக்கிறாரே, அதனை எந்தக் கத்தோலிக்க வாசகராலும் கூசாமல் படிக்க இயலாது. தமக்கு அதற்குரிய சலுகை இருப்பதாக வேறு அவர் சொல்லிக்கொள்கிறார். அப்படியொரு சலுகை திருச்சபையில் இல்லை. திருவருட்சாதனம் தாயத்து அன்று என்பதை அந்த ஆசிரியர் அறியவில்லை போலும். நம்மில் எத்தனை பேர் அறிவோம் என்பது வேறு கேள்வி.

'எக்சார்சிஸ்ட்' படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். வில்லியம் பீட்டர் பிளாட்டி என்னும் கத்தோலிக்கர், வாசிங்டன் நகரில் சேசு சபையார் நடத்தும் சார்ச்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்தபோது, 1949இல் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டியதாக வந்த செய்தித்தாள் குறிப்பைப் படித்தார். 1971இல் அதனை ஒரு சிறுமியின் கதையாக மாற்றி நாவலாக்கினார். 1973இல் வில்லியம் பிரீட்கின் அதைத் திரைப்படமாக்கினார். உண்மையான சேசு சபைக் குருக்களும் அதில் நடித்தார்கள். தலை திரும்புவதையும் பச்சை வாந்தியையும் நினைவில் வைத்திருப்போர், படத்தின் முற்பகுதியில் பெரும்பங்கு மருத்துவமனையில் நிகழ்வதை மறந்துவிடுகிறார்கள். மருத்துவர்களும் மனநோய் வல்லுநர்களும் முயன்று கைவிட்ட பிறகே தாய் குருவைத் தேடுகிறாள். அந்தக் குருவும் மனநோய் மருத்துவம் பயின்றவர், பேயோட்டத் தயங்குகிறவர்.

திருச்சபையின் ஒழுங்கும் அதுவே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1172ஆம் சட்டத்தில், ஆயரின் சிறப்பான, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாது என்றும், பக்தியும் அறிவும் விவேகமும் நேர்மையான வாழ்வும் உடைய குருவுக்கே அவ்வனுமதி தரப்பட வேண்டும் என்றும் காண்கிறோம். முதலில் நோயா என்று ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் வற்புறுத்துகிறது. 1614இன் பழைய சடங்குமுறை திருத்தப்பெற்று 1999இல் புதிதாக வெளியாயிற்று.

ஒழுங்கு ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதற்குச் செருமனியில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்று. கிளிங்கன்பர்க் ஊரைச் சேர்ந்த அன்னலீஸ் மிகேல் என்னும் கல்லூரி மாணவி வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்று வந்தவள். 1975, 76ஆம் ஆண்டுகளில் இரு குருக்கள், ஆயரின் அனுமதியோடுதான், அவளுக்கு அறுபத்தேழு முறை பேயோட்டும் சடங்கு நிகழ்த்தினர். உணவை மறுத்து எலும்பும் தோலுமான அவள் 1976 சூலை முதல் நாள் இறந்தாள். வயது 23. மருத்துவரை அழைக்கத் தவறிய குற்றத்துக்காக 1978இல் பெற்றோருக்கும் இரு குருக்களுக்கும் ஆறு மாதச் சிறை விதித்து, அத்தண்டனையை நிறுத்திவைத்தது நீதிமன்றம். அவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். அவளை நேசித்தவர்கள்; விடாது செபித்தவர்கள். இவ்வரலாற்றைத் தழுவி 2005இல் அமெரிக்காவில் ஒரு படம் வந்தது. நாம் அதனை இருமுறை பார்த்தோம். இரண்டாம் முறை அச்சம் வரவில்லை, வேறொன்று வந்தது.

நம் நாட்டிலேயே, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. மாற்குவின் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டினார்கள். ஆண்டவரோ அவன் பெயரைக் கேட்டார். அவன் ஆடை உடுத்து, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருப்பதைக் கண்டபோதே மக்கள் அஞ்சினார்கள் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். இந்த இடத்தைப் பல ஆண்டுகள் கவனியாமலே படித்து வந்தோம்.

இனி, நாம் கூறுவதாகச் சொன்ன குற்ற அறிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவில் ஒரு பெண், தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்தவள், திடீரென்று நாடாவைக் கைவிட்டாள். உண்ணவில்லை. இரவெல்லாம் யாரோடோ பேசினாள். காத்துக் கருப்பு என்றார்கள். மந்திரவாதி ஒருவரை அழைத்தார்கள். வேப்பிலை அடி விழுந்தது. கட்டில் காலோடு சேர்த்துப் புடவையால் கட்டினார்கள். திருத்தலத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே கட்டிவைக்கலாம் என்று சொன்னவர்கள் ஞாயிறு தவறாமல் பூசை காணும் நம்மவர்களே. மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன. அவற்றுள் ஓர் இரவு நாமும் அந்த வீட்டில் இருந்தோம். அவள் குரல் மாறி ஒலித்தபோது, படித்த கதைகளும் பார்த்த படங்களும் ஒன்றாய் எழுந்து நம் வாயைக் கட்டிவிட்டன. கட்டை அவிழுங்கள் என்று சொல்ல நமக்கு அறிவு இருந்தது, துணிவு இல்லை. உண்மையைச் சொன்னால், ஓரமாக நின்று அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் பங்குத்தந்தை வந்தார். அவிழ்க்கச் சொன்னார். அவளைப் பெயர் சொல்லி அழைத்து, தலையில் கை வைத்துச் செபித்தார். பிறகு தாமே வண்டி ஏற்பாடு செய்து கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு உடன் சென்றார். மருந்தும் மாதந்தோறும் மருத்துவரைக் காண்பதுமாகச் சில திங்கள்களில் அவள் தேறினாள். 'சந்திரமுகி' படத்தில் போல ஒரே இரவில் தீரவில்லை. இன்றும் மாத்திரை உண்கிறாள். தறிக்கும் திரும்பிவிட்டாள்.

ஞாயிறு மாலைகளில் நம் வீட்டுக்கு வருவாள். தொலைக்காட்சியில் பேய்ப் படம் போட்டால் அவளே முன்னால் வந்து அமர்வாள். கதவு தானாகத் திறக்கும்போதும், கூந்தலை விரித்துக்கொண்டு உருவம் நடந்துவரும்போதும் பிள்ளைகள் அலற, அவள் கைகொட்டிச் சிரிப்பாள். யாரேனும் வேப்பிலையை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணை நெருங்கும் காட்சி வந்தால் மட்டும், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். அப்போது நாமும் ஒலியைக் குறைத்துவிடுகிறோம்.