மூன்றரை நிமிஷத்துக்குள் தோடி



"நாயனத்துக்கும் நம்ம எலக்ட்ரானிக்ஸுக்கும் என்னலே சம்பந்தம்?" என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் கேட்டான். சம்பந்தம் உண்டு. வாரக் கடைசியில் மைக் செட் வேலைக்குப் போகிறவன் நான். சுசீந்திரத்தைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும் முதலில் நாங்கள் போடுவது நாயனம்தான். பென்டிரைவைச் செருகினால் மங்கள இசை வந்துவிடும். இவ்வளவு உரத்த ஒரு வாத்தியத்தை முதன்முதலில் எப்படித்தான் பதிவு செய்தார்கள் என்று ஒருநாள் யோசித்ததில் இந்தக் கட்டுரை பிறந்தது. அதற்கு நான் பிடித்துக்கொண்ட ஆள், 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி' என்று பேர் வாங்கிய திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

முதலில் ஒரு கணக்கு. பழைய அரக்கு இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். 10 அங்குலத் தட்டில் நடுவில் லேபிளுக்கும் ஓரத்துக்கும் போக, பள்ளம் வெட்டக் கிடைக்கிற அகலம் 3 அங்குலத்துக்கும் குறைவு. ஒரு அங்குலத்துக்குச் சுமார் 100 பள்ளம். ஆக மொத்தம் 270 சுற்று என்று வையுங்கள். 78-ஆல் வகுத்தால் மூன்றரை நிமிஷம் கூட வராது. அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, மறுபடியும் சாவி கொடுக்க வேண்டும். (அந்த அரக்கு நம் நாட்டிலிருந்துதான் உலகம் முழுவதற்கும் கப்பலேறிப் போயிற்று என்பது உபரித் தகவல்.)

இந்தப் பக்கம் நாயனத்தைப் பாருங்கள். நம்ம ஊர் மார்கழித் திருவிழாவில் சாமி வீதி சுற்றி வரும்போது நாயனக்காரர் ராகத்தை எடுத்தால், அடுத்த முக்கு திரும்பும்வரை அது ஓடும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது எல்லாம் அவர் மனசைப் பொறுத்தது. ராஜரத்தினம் பிள்ளை தோடி ஒன்றையே மணிக்கணக்கில் வாசிப்பார் என்பது அந்தக் காலத்து ரசிகர்கள் எல்லோரும் சொன்ன விஷயம். அந்தத் தோடியைத்தான் மூன்றரை நிமிஷப் பக்கத்துக்குள் அடைக்கச் சொன்னார்கள்.

இன்னொரு சிக்கல் சத்தம். திறந்த வெளிக்காகவே செய்த வாத்தியம் நாயனம். சீவாளி நாணலில் செய்தது, உலவு ஆச்சா மரம், முனையில் விரிந்த அணசு. மூடித் திறக்க விரல் துளைகள் 7. கீழே இன்னும் 5 துளைகள், அவற்றை மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சரி செய்வார்கள். பக்கத்தில் தவில் வேறு. நாலு தெருவுக்குக் கேட்கிற கூட்டணி இது!

1925-க்கு முன்னால் ஒலிப்பதிவு என்றால் மைக் கிடையாது. பெரிய தகரக் குழாயின் வாயில் பாட வேண்டும். அந்தக் காற்று அதிர்வு ஒரு சவ்வை ஆட்டும். சவ்வு ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் பள்ளம் வெட்டும். ஆம்ப்ளிஃபயர் என்ற பேச்சே இல்லை, பாடுகிறவனின் மூச்சுதான் பவர் சப்ளை. சத்தம் குறைந்தால் பள்ளம் ஆழமாக விழாது. கூடினால் ஊசி எகிறும்.

நம் நாட்டில் மட்டுமா இந்தப் பாடு? அமெரிக்காவில் ஜாஸ் இசையின் பெரும்புள்ளி லூயி ஆம்ஸ்ட்ராங். 1901-ல் பிறந்தவர், நம் ராஜரத்தினத்தைவிட மூன்று வயசு இளையவர். அவர் முதன்முதலில் பதிவு செய்தது 1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் ஊரில், கிங் ஆலிவர் என்பவரின் குழுவில். ஸ்டுடியோ ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வண்டி போனால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்! ஆம்ஸ்ட்ராங் அன்று வாசித்தது கார்னெட், அதாவது டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. அவர் ஊதின வேகத்துக்கு மற்றவர்கள் யாரும் கேட்கவே இல்லையாம், அவரை மட்டும் குழாயை விட்டு வெகுதூரம் தள்ளி நிறுத்தினார்களாம். அந்தக் குழுவில் பியானோ வாசித்து, மறுவருஷம் அவரையே மணந்துகொண்ட லில் ஹார்டின் பின்னாளில் இதைச் சொன்னார். டிரம்ஸ் வைத்திருந்தவரோ முழு செட்டையும் அடிக்க முடியாமல் மரக்கட்டையைத் தட்டிச் சமாளித்தார். நாயனத்தையும் தவிலையும் இந்தக் குழாய்க்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1925-ல் மைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் வந்தன. நம்ம பாடத்தில் வரும் ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் இங்கேதான் உதவுகிறது. தகரக் குழாய் பிடித்தது சுமார் 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை. மின்சார முறை 6000 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. இரண்டரைக் கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 311 ஹெர்ட்ஸ். பழைய முறையில் அதன் 8-வது ஹார்மானிக்ஸோடு கதை முடிந்துவிடும். மேல் சட்ஜத்துக்குப் போனால் நாலே நாலுதான் மிஞ்சும். நாயனத்தின் அந்த நெருப்பு இருப்பதே ஹார்மானிக்ஸில்தான். அது போய்விட்டால் ஊதலாங்குழல் மாதிரி இருக்கும். புது முறையில் மேல் சட்ஜத்துக்கும் 9 கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளையின் தட்டுகள் வந்தது இந்த மின்சார முறைக்குப் பிறகு. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், அவருக்கல்ல, நமக்கு.

இனி ஆளைப் பற்றி. 1898-ல் திருமருகலில் பிறந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாயன வித்வான். பையன் முதலில் கற்றதோ வாய்ப்பாட்டு. பிறகுதான் நாயனம் கைக்கு வந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனார். பாடகராக இருந்த அந்தப் பழக்கம் வாசிப்பில் கடைசிவரை தெரிந்தது என்பார்கள், குழலுக்குள் ஒரு குரல் இருக்கும். அப்போது புழக்கத்தில் இருந்தது உச்சச் சுருதியில் கத்துகிற குட்டையான திமிரி நாயனம். இவருக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தை உருவாக்கிக் கொடுத்தார். சுருதி கீழே இறங்கியது, சுத்த மத்யமம் சுத்தமாக விழுந்தது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு வேர் இந்த ஆசாரிமார் பட்டறைகள்தான்.

மைக்கைப் பொறுத்தவரை இந்த மாற்றம் பெரிய விஷயம் என்பது என் கட்சி. சுருதி இறங்கினால் 6000 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிற ஹார்மானிக்ஸ் கூடும். அவர் மைக்குக்காகச் செய்தார் என்று சொல்ல வரவில்லை, வாய்ப்பாட்டுப் போல வாசிக்கத்தான் செய்தார். ஆனால் கோயில் வீதியிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து தட்டுக்கும் நாயனம் வந்த நேரத்தில் அது சரியாகப் பொருந்திவிட்டது.

அந்தச் சமயம் சென்னையில் தட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. எச்.எம்.வி., கொலம்பியா, ஜெர்மன் கம்பெனியான ஓடியன் என்று போட்டி. பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டுடியோ நடத்திய மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து ஓடியன் தட்டு விற்றவர்தான். சினிமாவும் ராஜரத்தினத்தை விடவில்லை. 1940-ல் வந்த 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக அவரே நடித்தார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர்!

ஆனால் அவர் பெயரைக் குக்கிராமம்வரை கொண்டுபோனது தோடித் தட்டுதான். தோடியில் காந்தாரமும் நிஷாதமும் நின்ற இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். பியானோவில் அதைக் கொண்டுவர முடியாது. நாயனத்தில் விரலைப் பாதி மூடி, சீவாளியை உதட்டால் அழுத்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்து அந்த ஆட்டத்தைக் கொண்டுவர வேண்டும். அதன் மேளகர்த்தாப் பெயர் ஹனுமத்தோடி. 18 அடி ஆஞ்சநேயர் நிற்கிற ஊர்க்காரனுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமை இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு!

அந்தத் தட்டை இன்று போனில் கேட்கலாம். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மணிக்கணக்கில் வாசிக்கிறவர், நேரம் இல்லை என்று அவசரப்படவில்லை. எதை விடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஊத ஆரம்பிக்கிறார். மின்னல் மாதிரி பிருகாக்கள் வருகின்றன, ஆனால் அவற்றுக்கு நடுவே ஒரு சுரத்தில் நின்று மூச்சு விடவும் இடம் வைத்திருக்கிறார். ஆம்ஸ்ட்ராங் 1928-ல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தில் தனியாக ஊதுகிற சில விநாடிகளும் இந்த வகைதான். உலகத்தின் இரண்டு மூலையில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊதுகிறவர்கள், ஒரே தட்டளவுக்குள் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

எங்க பாட்டா மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "தட்டு முடிஞ்சா திருப்பிப் போடணும் மக்கா. திருவிழாவுல அவரு நிறுத்தினாத்தான் நாம வீட்டுக்குப் போகணும்" என்பார்.

பாட்டா சொன்னது எனக்கு விளங்கியது ஒரு கல்யாணத்தில். மண்டபமும் ஊரும் வேண்டாம். மேளம் சொல்லவில்லை, செலவு மிச்சம். பெண் வீட்டார் பென்டிரைவ் கொடுத்தார்கள். முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். ஸ்பீக்கரில் நிதானமாக ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் அந்த ஃபைலில் எங்கேயோ தள்ளி இருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், மண்டபமே பார்த்தது. கடைசியில் பெரியவர்கள் கைதட்டியே தாலி கட்டு நடந்தது. தவில்காரர் ஒருவர் இருந்திருந்தால் ஐயரின் விரலைப் பார்த்திருப்பார். எந்த ரிக்கார்டிங்குக்கும் கண் கிடையாது.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நான் போடுகிற ஒவ்வொரு பென்டிரைவும் ஒரு மேளச் செட்டின் ஒருநாள் கூலி. பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் வைத்த மின்சார மேளம்தான் அடிக்கிறது. அது ரிப்பேரானால் கூப்பிடுவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரனை! ராஜரத்தினத்தின் தட்டு அன்று நாயனக்காரர்களுக்குப் பாடமாக இருந்தது. தெருவில் உட்கார்ந்து தட்டைக் கேட்டு அதே பிடியை ஊதிப் பார்த்த இளைஞர்கள் எத்தனையோ பேர். அதே தட்டின் பேரப்பிள்ளைகள் இன்று மண்டபத்தில் அவர்கள் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன.

நாஞ்சில்நாடு திருவிதாங்கூரை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அடுத்த மாதம் 12-ம் தேதி ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது 1948-ல். ஆம்ஸ்ட்ராங் 1971 வரை வாழ்ந்து அதையும் ஸ்டீரியோவையும் அனுபவித்தார். 1964-ல் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கினார். நம்மவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 78 சுற்றுத் தட்டுகளும் வானொலிப் பதிவுகளுமாக மிஞ்சியதுதான் நம் சொத்து.

அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் கொஞ்சம் தப்பித்தார். ஆரல்வாய்மொழியைத் தாண்டி நெல்லைச் சீமைக்குள் போனால் சேரன்மகாதேவிப் பக்கம் அவர் ஊர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகி குரலோடு ஆபேரியில் அவர் வாசித்த 'சிங்கார வேலனே' தெரியாத தமிழன் கிடையாது. நாலு தெருவுக்குக் கேட்கிற வாத்தியமும் ஒரு பெண்குரலும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன, ஒன்று மற்றொன்றை அமுக்கவில்லை. மைக் செட்டில் ஃபேடர் பிடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த லெவலைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அவரும் 1964-ல், 43 வயசுக்குள் போய்விட்டார்.

கடைசியாக, தோடியைத் தேடிக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். பழைய தட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது 78-க்குப் பதில் 80 சுற்றில் ஓட்டியிருந்தால் சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிவிடும், பிருகாவும் இல்லாத வேகத்தில் ஓடும். ஒரே தட்டுக்கு இரண்டு மூன்று பிரதி கிடைத்தால் போனில் ட்யூனர் ஆப்பைப் போட்டுச் சட்ஜத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டா ட்யூனர் இல்லாமலே சொல்லிவிடுவார்: "இது ஓடுது மக்கா, கொஞ்சம் இழுத்துப் பிடி."