அட்லாண்டிக்கின் விரிசலும் கல்பாக்கத்தின் வேலியும்

தில்லியில் புதிய அரசு ஒன்று பொறுப்பேற்றதும் அதன் வெளியுறவுக் கொள்கை என்னவாக இருக்கும் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்துவிடுகின்றன. அமெரிக்காவோடு எப்படி, ஐரோப்பாவோடு எப்படி, இருவரும் முறைத்துக்கொண்டால் நாம் யார் பக்கம்? நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'அது இங்கிலீஷ் பேப்பர்காரங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அல்லது 'ஏகாதிபத்தியம்' என்கிற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். வெளியுறவு என்பது வெளியே நடக்கிற விஷயம் என்கிற நம்பிக்கை இரண்டு பார்வைக்கும் பொது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரையை வைத்து இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம்.

அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையிலான தகராறு இந்தக் கரைக்கு வந்து சேர்வது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராகக் கலகம் செய்தபோது பிரான்ஸ் கலகக்காரர்களை ஆதரித்தது. டச்சுக்காரர்கள் அவர்களோடு வியாபாரம் செய்தார்கள். 1780 கடைசியில் பிரிட்டன் டச்சுக்காரர்கள் மீது போர் தொடுத்தது. அதன் விளைவாக 1781இல் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1782 பிப்ரவரி 17 அன்று அதே ஊருக்கு எதிரே உள்ள கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதிக்கொண்டன. கரையிலிருந்த நெசவாளிகளையும் மீன்பிடிக்கிறவர்களையும் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. வாக்குரிமை பெற்ற குடிமக்களின் அரசுக்கு அந்த அவசியம் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் இன்றைய கல்பாக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே இரண்டு மின் உலைகளுக்கும் ஓர் ஆராய்ச்சி மையத்துக்கும் அடித்தளம் போட்டார்கள். மின் உலைகளின் மூல வடிவம் கனடாவுடையது. ஆராய்ச்சி மையத்தின் சோதனை ஈனுலைக்கு முன்மாதிரி பிரான்சின் 'ராப்சோடி' உலை. அதற்கான ஒப்பந்தம் 1969இல் ஏற்பட்டது. 1974 மே 18 அன்று பொக்ரானில் அணுகுண்டு வெடித்தது. அதற்கான புளூட்டோனியம், கனடா கொடுத்த உலையிலிருந்து எடுக்கப்பட்டது. கனடா உறவை முறித்துக்கொண்டது. பிரான்சும் தருவதாகச் சொன்ன செறிவூட்டிய யுரேனியத்தைத் தரவில்லை. கல்பாக்கத்து விஞ்ஞானிகள் யுரேனிய–புளூட்டோனியக் கார்பைடை எரிபொருளாக்கி 1985இல் சோதனை உலையை இயக்கினார்கள். நமது 'சுயசார்பு' என்ற பெருங்கதையாடலின் முக்கியமான அத்தியாயம் இது. திறமையான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் இடம்பெறாதவர்கள் யார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

1977இல் வந்த மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசு, காங்கிரஸ் அல்லாத முதல் மத்திய அரசு. தாராப்பூர் உலைகளுக்கு யுரேனியம் தர ஒப்புக்கொண்டிருந்த அமெரிக்கா, 1978இல் ஒரு சட்டம் போட்டு, இந்தியா தன் எல்லா அணுநிலையங்களையும் சர்வதேசச் சோதனைக்குத் திறக்கவேண்டும் என்றது. மொரார்ஜி மறுத்தார். முடிச்சு அவிழ்ந்தது 1982இல், இந்திரா காந்தி மீண்டும் வந்த பிறகு: அமெரிக்காவுக்குப் பதிலாக பிரான்ஸ் எரிபொருள் தரும் என்று ஏற்பாடாயிற்று. பிரான்சுக்கு நம்மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. 1966இல் நேட்டோவின் ராணுவத் தலைமையமைப்பிலிருந்து விலகி, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1992வரை சேராமல் இருந்த நாடு அது. வாஷிங்டனுக்குப் பின்னால் நிற்கமாட்டேன் என்று காட்ட அதற்கு இப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் தேவைப்பட்டன.

இந்த விரிசலில் கால் வைத்து ஏறுவது தில்லியின் வழக்கமாயிற்று. 1998 மார்ச்சில் பொறுப்பேற்ற வாஜ்பாய் அரசு இரண்டு மாதம்கூட முடியுமுன் மறுபடி பொக்ரானில் குண்டு வெடித்தது. அமெரிக்காவும் ஜப்பானும் தடை விதித்தன. சில நாட்களில் பர்மிங்ஹாமில் கூடிய ஜி-8 நாடுகள் கண்டனம் தெரிவித்தன. கூட்டாகத் தடை விதிக்க அவர்களால் முடியவில்லை. பிரான்ஸ் ஒப்பவில்லை, ரஷ்யா ஒப்பவில்லை. அமெரிக்கத் தடைகளில் பெரும்பகுதி 2001 செப்டம்பரில் விலகியது. மன்மோகன் சிங் காலத்திலும் அதே கணக்குதான். 2008 செப்டம்பர் 6 அன்று அணுப்பொருள் வழங்கும் நாடுகள் இந்தியாவுக்கு விலக்கு அளித்தன. ஆஸ்திரியா, அயர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகள் கடைசிவரை தயங்கின. அமெரிக்கா உழைத்துப் பெற்றுத் தந்த விலக்கு அது. ஆனால் அதை வைத்து முதலில் கையெழுத்திட்டது பிரான்சோடு, செப்டம்பர் 30இல். அமெரிக்காவோடு கையெழுத்தானது அக்டோபர் 10இல்.

சரி, இதனால் கல்பாக்கத்துக்கு என்ன?

2006 மார்ச்சில் இந்திய அரசு ஒரு பட்டியல் போட்டது. 22 மின் உலைகளில் 14 சர்வதேசச் சோதனைக்கு உட்படும், 8 உட்படாது. கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும் அந்த எட்டில் அடக்கம். சோதனை ஈனுலையும், அப்போது கட்டப்பட்டு வந்த 500 மெகாவாட் ஈனுலையும்கூட வெளியே நிறுத்தப்பட்டன. அமெரிக்காவோடு ஒப்பந்தம் வேண்டுமா என்று 2008 ஜூலையில் ஆட்சியே ஆட்டம் கண்டது. ஆனால் ஈனுலை வெளியே இருக்கவேண்டும் என்பதில் முக்கியக் கட்சிகளுக்குள் தகராறே இல்லை. தேசத்தின் இறையாண்மை கல்பாக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்வதேச அணுசக்தி முகமையின் சோதனை தொழிலாளியின் உடம்பைப் பாதுகாக்க வருவதில்லை. புளூட்டோனியம் குண்டுக்குப் போகிறதா என்று கணக்குப் பார்ப்பதே அதன் வேலை. வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. உள்நாட்டு இன்ஸ்பெக்டர் எங்கே போனார் என்பதுதான் பிரச்சினை.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைக்கப்பட்டது. பொக்ரானுக்கு இரண்டு வருஷம் கழித்து, 2000 ஏப்ரலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் அந்த வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டன. மையம் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. கல்பாக்கத்தில் உள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை அந்த மையத்துக்குச் சொந்தமானது. 2003 ஜனவரி 21 அன்று அங்கே ஒரு வால்வு பழுதாகி, அதிகக் கதிர்வீச்சுள்ள கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. ஆறு பேர் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. விஷயம் வெளியுலகுக்கு முழுதாகத் தெரிய அரை வருஷத்துக்கு மேலாயிற்று.

வாஷிங்டனில் நடந்த பேச்சுவார்த்தைக்கும் அந்த வால்வுக்கும் நேராக முடிச்சுப் போடுவது அபத்தம். நான் சொல்வது வேறு. 'இது ராணுவ முக்கியத்துவம் வாய்ந்தது, கேட்காதே' என்று வெளிநாட்டிடம் சொல்லும் வாக்கியம், முகத்தைத் திருப்பி உள்நாட்டிடமும் அப்படியே சொல்லப்படுகிறது. அமெரிக்கனிடமிருந்து காப்பாற்றப்பட்ட இரகசியம், ஆலைக்குள் வேலை செய்கிறவரிடமிருந்தும் காப்பாற்றப்படுகிறது. சதுரங்கப்பட்டினம் குப்பத்திலும் உய்யாலிக்குப்பத்திலும் புதுப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க எதுவுமில்லை என்றாகிறது. வெளியே 'சுயாதீனம்' என்று கொண்டாடப்படுவது உள்ளே 'பதில் சொல்லவேண்டாத அதிகாரம்' ஆகிறது. விஞ்ஞானி, அதிகாரி, அமைச்சர் எல்லோரும் தேசத்தின் குரலில் பேச, குப்பத்து ஆள் பேசினால் அது 'உள்ளூர்ப் பிரச்சினை'யாகச் சுருங்கிவிடுகிறது.

காலம் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 2025 ஜனவரியில், ஆட்சி மாறுவதற்குச் சில நாட்கள் முன், அமெரிக்கா தன் தடைப்பட்டியலிலிருந்து கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை நீக்கியது. அதே வருஷம் டிசம்பரில் நமது நாடாளுமன்றம் 1962இன் அணுசக்திச் சட்டத்தையும் 2010இன் இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கி, தனியாருக்கு வழிவிடும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆக, அந்நியக் கம்பெனிக்கு வேலியில் ஒரு கதவு வைத்தாயிற்று. ஊர்க்காரருக்கு இன்னும் வைக்கவில்லை.

எனவே அடுத்த முறை தில்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது 'அமெரிக்காவுக்கு அடிபணிந்தோமா, இல்லையா' என்பதோடு நம் தோழர்கள் நின்றுவிடக் கூடாது. கூடவே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஒப்பந்தத்தால் யாருடைய கண்காணிப்பிலிருந்து எது விலக்கப்படுகிறது? ஆலைக்குள் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் கதிர்வீச்சு அளவு எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, அதை அவர் பார்க்க முடியுமா? விபத்து நடந்தால் புதுப்பட்டினத்துக்கு முதலில் யார் தகவல் சொல்வார்கள், எத்தனை மணி நேரத்தில்?