வீடு தேடி வரும் செவிலியர்

நெசவும் உழவும் உடல் நலத்தை முதலாகக் கொண்ட தொழில்கள். தறியில் அமர்பவர் படுத்துவிட்டால் பாவு நின்றுவிடும். வயலில் இறங்குபவர் படுத்துவிட்டால் பருவம் தவறிவிடும். ஆதலின், நோய் முற்றுமுன் நம்மை நாடி வரும் துணைச் செவிலியரின் பணியைக் கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

தட்டாஞ்சாவடியைத் தொழிற்பேட்டையாலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தாலும் நாம் அறிவோம். அதற்கு அண்மையில், கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. இத்தகைய பெரிய நிலையம் அருகிருக்கத் துணைச் செவிலியர் எதற்கு என்று சிலர் வினவலாம். பெரிய மருத்துவமனை நோயாளிக்காகக் காத்திருப்பது. இவரோ நோயாளி ஆகாதபடி காக்க வருபவர்.

மருத்துவ வசதி மக்களுக்கு இயன்றவரை அருகில் அமைய வேண்டுமென்று 1946-ல் ஜோசப் போர் தலைமையிலான குழு வற்புறுத்தியது. 1950-களில் துணைச் செவிலியர்–மருத்துவச்சிப் பயிற்சி நாட்டில் பரவலாயிற்று. இப்பொழுது அப்பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். பயின்றவர் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றே பணியாற்ற வேண்டும். அமெரிக்காவிலும் உரிமம் பெற்ற துணைநிலைச் செவிலியர் உண்டு. நகரங்களில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர் என்பது 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் திட்டம்.

கருவுற்றவரைப் பன்னிரண்டு வாரத்திற்குள் பதிவு செய்தல், இரத்த அழுத்தமும் எடையும் பார்த்தல், இரும்புச் சத்து மாத்திரை வழங்குதல், 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி இடுதல் ஆகியன இவர் கடமைகள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதும் இவர் பணியே. பஞ்சுத் தூசியால் வரும் இருமல் என்று நெசவாளர் அதனைத் தள்ளிப் போடுதல் ஆபத்து. 2014-ல் இந்தியா போலியோ அற்ற நாடென்று சான்று பெற்றதில் இவர்களது நடைக்குப் பெரும் பங்குண்டு.

நம் கடமையும் ஒன்றுண்டு. தட்டம்மைத் தடுப்பு மருந்தைக் கரைத்தால் நான்கு மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும், எஞ்சியது வீணாகும். எனவே குறித்த வேளையில் குழந்தையைக் கொண்டு செல்லுதல் வேண்டும். கூலி போகுமே என்று தாய்மார் தயங்குவதே பல இடங்களில் தடையாகிறது. சங்கங்கள் தம் கூடத்தை முகாமுக்கு அளித்து, அரை நாள் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டால் இத்தடை நீங்கும். செவிலியரிடம் தம் அதிகாரத்திற்கு அப்பாற்பட்ட ஊசியையும் மருந்தையும் கேட்டு வற்புறுத்தலாகாது. பதிவு பெறாத எவரையும் செவிலியரென்று நம்பி மகப்பேற்றை ஒப்படைப்பதும் தகாது.

நூலுக்கும் உரத்திற்கும் ஒன்றுகூடிய நாம், உடல் நலத்திற்கும் ஒன்றுகூடுவோமாக. அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றலாம்.