வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள்

தீபாவளி போனஸில் ப்ளூ-ரே பிளேயர் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 'டால்பி ட்ரூஹெச்டி', 'டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ' என்றிருந்ததில் மயங்கிவிட்டேன். வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் வயரால் இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. ஒலியோ பழைய டிவிடி போலத்தான். "இதுக்கா போனஸ் முழுக்கப் போச்சு?" என்றாள் மனைவி.

பிழை என்னுடையதுதான். இவ்விரண்டும் பதிவான ஒலியில் எதையும் இழக்காத முறைகள். அவ்வளவு ஒலி ஆப்டிகல் வயரில் போகாது. சுருக்கிய சாதாரண டால்பி, டிடிஎஸ் மட்டுமே போகும். ஹெச்டிஎம்ஐ வயர்தான் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, முதலில் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ இருந்து, இம்முறைகளும் அதற்குத் தெரியுமானால், பிளேயரில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று வையுங்கள். தெரியாவிட்டால், தானே பிரித்து 'பிசிஎம்' ஆகத் தரும் பிளேயராகக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் ஹெச்டிஎம்ஐ வழியே பல சேனல் பிசிஎம் ஒலியை ஏற்குமா என்பதையும் பாருங்கள். 'செகண்டரி ஆடியோ'வை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ'. பிள்ளைகள் அங்கிருந்து அனுப்பும் டிஸ்க்குகளில் சில இங்கே ஓடாது.

டிவியின் ஸ்பீக்கரே போதும் என்பவர்களுக்கு இச்செலவு வேண்டாம். நான் பழைய ஆம்ப்ளிஃபயரை மாற்றக் காசு சேர்க்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.