நான்கு மணி நேரக் கணக்கு

போன வாரம், இனிப்பு நீர் விழித்திரையில் மெல்ல மெல்லச் செய்யும் சேதத்தைப் பார்த்தோம். அது ஆண்டுக் கணக்கில் நடப்பது. இந்த வாரம் பார்க்கப்போவது நொடிக் கணக்கில் நடந்து முடிவது. வலி கிடையாது, கண் சிவக்காது, நீர் வடியாது. ஒரு கண் மட்டும் சட்டென்று இருண்டுவிடும். மறு கண் வேலையைப் பார்த்துக்கொள்வதால் சிலருக்கு அதுகூட உடனே தெரியாது. முகம் துடைக்கையில் நல்ல கண்ணை மூடும்போதுதான் விஷயம் புரியும்.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோவது மயிரிழை போன்ற ஒரு தமனி. கழுத்து ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தோ, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி வந்தோ அதை அடைத்துக்கொள்ளும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஃபான் கிரேஃப 1859லேயே இதை விவரித்துவிட்டார். மூளையில் இதே அடைப்பு வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம். கண்ணில் வந்தால் சொட்டு மருந்தைத் தேடுகிறோம். இதுவும் பக்கவாதமே, நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் அறிக்கையே வெளியிட்டது.

விழித்திரை எவ்வளவு நேரம் தாங்கும்? பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவாவில் பணியாற்றிய டாக்டர் சோஹன் சிங் ஹைரே, குரங்குகளுக்கு இந்தத் தமனியை இறுக்கி வைத்துப் பார்த்தார். 97 நிமிடம் வரை சேதம் தெரியவில்லை. 240 நிமிடம் ஆனபோது மீட்க முடியாத பெரும் சேதம். மனிதருக்கு அடைப்பு முழுமையாக இல்லாவிட்டால் அவகாசம் கொஞ்சம் கூடலாம். அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த நான்கு மணி நேரத்தைப் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் வைத்துப் பாருங்கள். துன் சர்டோன் சாலையின் வளைவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. டுரியான் காலத்துச் சனி ஞாயிறுகளில் கார்கள் ஊர்ந்துதான் போகும். அப்படி ஊர்ந்தாலும் ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியை எட்ட மலைச்சாலை தின்பது அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பங்குதான். மீதியைத் தின்பது நாம். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று ஓர் இரவு. 'பவர் ஏறியிருக்கும்' என்று திங்கட்கிழமை கண்ணாடிக் கடை. என்னைக் கேட்டால், இங்கே தடை மலையல்ல, இந்தத் தாமதம்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் சோதனை சின்ன டார்ச் விளக்கு. பாதித்த கண்ணில் ஒளி பட்டால் பாப்பா சரியாகச் சுருங்காது. உள்ளே பார்த்தால் விழித்திரை பால்போல் வெளுத்திருக்கும். நட்டநடுவில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடத்தில் திரை மெலிந்திருப்பதால் பின்னாலுள்ள ரத்த நாளப் படலம் தெரிகிறது. ஐம்பது வயது தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி என்றால் தமனி அழற்சியாக இருக்கலாம். நம்மவர்களிடம் அது அரிது. ஆனால் சந்தேகம் வந்தாலே மறு கண்ணைக் காக்க ஸ்டீராய்டைத் தாமதிக்காமல் தொடங்குவார்கள்.

சிகிச்சை விஷயத்தில் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். கண்ணை விரலால் அழுத்தி விடுவது, காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது, கண் அழுத்தம் குறைக்கும் மருந்து, ஊசியால் கண் நீரை எடுப்பது எல்லாம் காலம் காலமாக நடப்பவை. இவற்றால் பார்வை திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழாய் வழியாகத் தமனிக்குள்ளேயே கட்டி கரைக்கும் மருந்தைச் செலுத்திய 'ஈகிள்' ஆய்வு 2010இல் வெளியானது. பார்வையில் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுகள்தான் அதிகம் என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனால் அதில் 20 மணி நேரம் வரை கடந்து வந்தவர்களையும் சேர்த்திருந்தார்கள். நாலரை மணி நேரத்துக்குள் வருபவருக்கு சிரை வழியாக அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ரத்தக் கசிவு அபாயமும் உண்டு.

பிறகு எதற்கு ஓட வேண்டும்? இப்படி வருபவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், சுமார் நான்கில் ஒருவருக்கு மூளையிலும் புதிய அடைப்பின் தடயம் தெரிகிறது. பெரிய பக்கவாதத்துக்கு அடுத்த சில வாரங்களே மிக ஆபத்தானவை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கழுத்துத் தமனி வெகுவாகச் சுருங்கியிருந்தால் அறுவை, கொழுப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை என்று அங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. இந்த அடைப்புக்கு வழிவகுக்கும் நோய்களும் இங்கே குறைவல்ல: மலேசியாவில் 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. இனிப்பு நீரில் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம்.

திரை இழுத்ததுபோல் சில நிமிடம் மறைந்து பிறகு தெளிந்துவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது தப்பித்தது அல்ல, முன்னறிவிப்பு.

ஒரு கண் திடீரென இருண்டால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 999ஐ அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். முகப்பில் 'கண் மங்கல்' என்று சொல்லி நம்பர் எடுத்து உட்காராதீர்கள். 'செபெலா மாத்தா தீபா-தீபா தா நம்பாக்' (ஒரு கண் திடீரெனத் தெரியவில்லை) என்று மணியோடு சேர்த்து மலாயில் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: காலையில் விழிக்கும்போதே மங்கும் கண்)