நோயுற்ற சிறாரும் சுவரோவியமும்

ஓவியம் கண்ணுக்கு இன்பந் தருவதோடு அமைவதன்று. காண்போரை ஒருவரோடொருவர் உரையாடச் செய்யும் ஆற்றலும் அதற்குண்டு. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் இதற்குச் சான்று பகரும். திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திலே காமனும் இரதியும், அகலிகையும் இந்திரனும் தீட்டப்பட்டிருப்ப, ஆங்கு வந்தோருள் அறியாதார் இவர் யாவர் என வினவுவதையும், அறிந்தார் சுட்டிக்காட்டி விடையிறுப்பதையும் அப்பாடல் அழகுறக் காட்டுகின்றது. புகார் நகரத்து மனைகளில் வெண்சுதையின்மேல் வித்தகர் இயற்றிய ஓவியங்களைக் கண்டு நின்றாரைப் பற்றி மணிமேகலையும் கூறும். சுவரிலே ஓவியம் இருப்பின் ஆங்கே வினாவும் விடையும் பிறக்கும் என்பது இவற்றாற் பெறப்படும்.

இவ்வுண்மையை இக்காலத் தொண்டொன்றோடு பொருத்திக் காண்டல் பயனுடைத்து. தொண்டர் பலர் ஒன்றுகூடி, ஊதியங் கருதாது, சிறுவர் வைத்தியசாலைகளின் சுவர்களில் ஓவியந் தீட்டி அவற்றைப் பொலிவுறச் செய்யும் வழக்கம் உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளது. அத்தொண்டு ஊவா மாகாணத்திலே, பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சார்ந்த பிள்ளைகளுக்கு எவ்வாறு உதவும், அஃது எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு நோய் கண்டால் முதலிற் செல்லுமிடம் தோட்டத்து டிஸ்பென்சரியாகும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து ஆங்கில அரசினர் 1872ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றினர். 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனை மேலும் விரித்தன. எனினும் நோய் முற்றியவிடத்துப் பதுளைப் பெரியாஸ்பத்திரியை நாடுதலே வழக்கம். பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹாலி-எல முதலாய பக்கங்களிலிருந்து, கொழுந்து பறிக்கும் தாய் அன்றைய கூலியை இழந்து, பிள்ளையை இடுப்பிற் சுமந்துகொண்டு வருகின்றாள். அப்பிள்ளை அறிந்த உலகம் லயத்துக் காம்பரா, பிள்ளைக் காம்பரா, பெரட்டுக்களம், தேயிலை மலை ஆகியவற்றோடு முடிவது. வாட்டிலோ அவற்றுள் ஒன்றேனும் இல்லை. மருந்தின் மணமும், ஊசியின் அச்சமும், முன்பின் அறியாத முகங்களுமே அங்குள்ளன.

இவற்றினும் பெரியதோர் இடர் மொழி பற்றியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினாலே தமிழும் ஆட்சிமொழியாயிற்று. வைத்தியசாலைப் பலகைகளில் மும்மொழியும் இடம்பெறலாயின. ஆயினும் வாட்டிலே வழங்குவது பெரும்பாலும் சிங்களப் பேச்சாகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு மும்மொழிப் பலகையும் ஒன்றே. அஃது எதனையும் வாசிக்க மாட்டாது. நோவு எங்கே என்று தாதி வினவுவதும் அதற்கு விளங்காது. அது சொல்வதும் தாதிக்கு விளங்காது. பரிவு நிறைந்த தாதியும் இவ்விடத்து ஊமையாகி நிற்கின்றார்.

ஓவியம் துணைபுரிவது இவ்விடத்திலேயாம். சுவரிலே புகைவண்டி ஒன்று தீட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பேச்சுத் தமிழில் அதனைக் 'கோச்சி' என்பர். சிங்களவரும் பேச்சு வழக்கிற் 'கோச்சிய' என்பர். தாய் பிள்ளையை ஏந்தி நிற்கும் படம் இருப்பின், 'அம்மா' என்னும் சொல் இருமொழிக்கும் பொதுவாகும். 'அக்கா' என்பதும் அத்தகையதே. தாதி படத்தைச் சுட்டி அச்சொல்லைக் கூறுமிடத்துப் பிள்ளையும் அதனையே திருப்பிக் கூறும். அயலார் இருவரிடையே முதலுறவு ஒரு சொல்லாற் பிறந்துவிடுகின்றது. அச்சந் தணிந்த பிள்ளைக்கு மருந்தூட்டல் எளிது. ஆகவே, வைத்தியசாலைச் சுவரோவியத்தின் பயன் அதன் அழகினால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. அதன் முன்னிலையில் எழும் உரையாடலினாலேயே அளக்கப்படுவதாம்.

நோயாளர் இருக்குமிடத்தை ஓவியத்தாற் சிறப்பித்தல் புதுவது அன்று. இலண்டன் மாநகரிலுள்ள புனித பர்த்தலோமியு வைத்தியசாலை 1123ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் அயலிற் பிறந்த ஓவியர் வில்லியம் ஹோகார்த், அதன் மாடிப்படிச் சுவர்களுக்கு வேண்டிய இரு பேரோவியங்களை 1730களில் ஊதியம் பெறாது தீட்டியளித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்துப் புனித தோமையார் வைத்தியசாலையின் சிறுவர் வாட்டுகளிலே, குழந்தைப் பாடற் காட்சிகள் வண்ண ஓடுகளிற் பதிக்கப்பட்டன. கழுவித் துடைத்தற்கும் அவ்வோடுகள் ஏற்றனவாயிருந்தன. தாதியர் பணியின் முன்னோடியாகிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, அழகிய பொருள்களும் வண்ணங்களும் நோயாளரின் மனத்தை மட்டுமன்றி உடலையும் தாக்குவன எனக் குறித்துள்ளார்.

அம்மையார் அனுபவத்தால் உணர்ந்ததனைப் பிற்காலத்தார் அளந்து காண முயன்றனர். அமெரிக்க அறிஞர் ரொஜர் அல்ரிச் என்பார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெயர்பெற்றது. பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டனர். அவருட் பாதியினர்க்குச் சாளரத்தின் வழியே மரங்கள் தோன்றின; மறுபாதியினர்க்குச் செங்கற் சுவரே தோன்றியது. மரங்களைக் கண்டோர் சராசரி 7.96 நாளிலும், சுவரைக் கண்டோர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர்; முன்னையோர்க்குக் கடுமையான நோவுமருந்துகளும் குறைவாகவே வேண்டியிருந்தன. இவ்வாய்வு வளர்ந்தோரையும் சாளரத்தையும் பற்றியது. சிறுவரையும் சுவரோவியத்தையும் பற்றியதன்று. ஆதலின் ஓவியம் நோய் தீர்க்கும் என இதனைக் கொண்டு சாதித்தல் மிகைபடக் கூறலாய் முடியும். காண்பது எதுவோ அஃது உடலையும் தொடும் என்ற அளவே துணிதற்குரியது.

எதனைத் தீட்டுவது என்பதிலே வளர்ந்தோர் பெரிதும் தவறுவர். இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார், வைத்தியசாலை அலங்காரம் பற்றி 4 முதல் 16 வயது வரையான 250 சிறுவரை வினவி, அதன் முடிபுகளை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோமாளி உருவங்களை அச்சிறுவர் விரும்பவில்லை. மூத்த பிள்ளைகளுட் சிலரும் அவற்றைக் கண்டு அஞ்சுவதாகக் கூறினர். சிறுவரை மகிழ்விக்கும் என வளர்ந்தோர் கருதியதே அவரை அச்சுறுத்தியது. ஆகவே தூரிகையை எடுக்குமுன் பிள்ளைகளை வினவுதல் முதற்கடன்.

தொண்டு மனப்பான்மைக்கு இலங்கையிற் குறைவில்லை. ஆசிரியராயிருந்த ஆரியரத்ன அவர்கள் 1958ஆம் ஆண்டிலே தம் மாணவரைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடங்கிய சிரமதானப் பணி, பின்னர் நாடளாவிய இயக்கமாயிற்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஜனாதிபதித் தேர்தலை அடுத்து, இளைஞர் பலர் தாமாகவே முன்வந்து நகரத்து மதில்களில் ஓவியந் தீட்டினர். அவ்வூக்கம் போற்றத்தக்கது. எனினும் அரசரும் போர்வீரரும் மிகுதியாக இடம்பெற்றமையால், அவ்வோவியங்கள் யாவர்க்கும் உரியனவோ என்னும் வினாவும் எழுந்தது. பொதுச்சுவர் ஒருசாரார் பெருமையை மட்டும் பேசின் மறுசாரார் அதன் முன் அயலாராவர். நோயுற்ற பிள்ளையின் படுக்கையருகே அத்தகைய அயன்மை சிறிதும் தோன்றலாகாது.

பதுளையிலே யாவர்க்கும் பொதுவான பொருள்கள் மலிந்துள்ளன. 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை, தெமோதரையிலே தன்னைத்தானே சுற்றித் தன் கீழாகவே செல்லும் விந்தையை எப்பிள்ளையும் வியக்கும். ஒன்பது வளைவுப் பாலம், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, முகில் தவழும் நமுனுகுலை மலை, கொழுந்துக் கூடை, தப்பு, காவடி, பெரஹரா யானை, வெசாக் கூடு, பிறைநிலா என்பனவெல்லாம் ஒரே சுவரில் அமைதல் கூடும். பண்டாரவளை வீதியிலுள்ள தோவைக் குகைவிகாரையிலும் பதுளைக் கதிர்காமத் தேவாலயத்திலும் பழைய சுவரோவியங்கள் இருத்தலின், இக்கலை ஊவாவுக்குப் புதிதுமன்று. வாயிலிலிருந்து சிறுவர் வாட்டுவரை தண்டவாளம் ஒன்றைத் தொடர்ந்து தீட்டின், எழுத்தறியாத தாயும் அதனைப் பின்பற்றி வழி கண்டுகொள்வாள். படங்கள் பிள்ளையின் கண்ணுயரத்தில் அமைதலும், படுத்திருக்கும் பிள்ளைக்காக மேற்கூரையிலும் சில இடம்பெறுதலும் வேண்டும்.

பயிற்சியில்லாதார் பலர் கூடி ஒரு சுவரை எழுதுவது எங்ஙனம்? வண்ணந் தோய்க்காது கோட்டினால் மாத்திரம் வரையப்பட்டதனைப் பழந்தமிழர் புனையா ஓவியம் என்றனர். இன்றைய தொண்டரின் முறையும் அதனை அடிப்படையாகக் கொண்டதே. தேர்ந்த ஓவியர் சிறு தாளிலுள்ள படத்தைக் கட்டங்களாகப் பகுத்து, அக்கட்டங்களைப் பெரிதாகச் சுவரிலிட்டுப் புறக்கோடுகளை வரைவர். ஒவ்வொரு பகுதிக்கும் வண்ணத்தின் எண் குறிக்கப்படும். தொண்டர் அவ்வெண்ணுக்குரிய வண்ணத்தை நிரப்புவர். இறுதியில் ஓவியர் கோடுகளைச் செப்பஞ் செய்வர்.

காலமும் பொருளும் அறிந்து செய்தல் வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஊவாவின் சுவர்கள் ஈரம் உறிஞ்சி நிற்கும். அப்பொழுது பூசிய வண்ணம் உரிந்து வீழும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு நறுமணந் தருவது. சுவரெழுதுதற்கும் அதுவே ஏற்ற பருவம். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலின், அவற்றை உலர்ந்தபடியே சுரண்டித் தூசெழுப்பலாகாது. ஈயத்திலே தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. பிள்ளைகள் படுத்திருக்கும் வாட்டிலே பூச்சின் நெடி பரவலாகாது; நெடி குறைந்த, கழுவத்தக்க நீர்வண்ணப் பூச்சே ஏற்றது. வாட்டினை ஒழித்துத் தருதல் இயலாதவிடத்துப் பலகைகளில் வெளியே தீட்டிப் பின்னர்ச் சுவரிற் பொருத்தலாம். ஹோகார்த்தின் ஓவியங்களும் துணியில் தீட்டப்பட்டனவே. எழுதுவோர் நோயுற்ற பிள்ளைகளைப் புகைப்படமெடுத்துப் பரப்புதலும் தவிர்க்கற்பாலது.

மருந்துக்கே வழியில்லாதவிடத்து ஓவியம் எதற்கு எனச் சிலர் வினவுவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வைத்தியசாலைகள் மருந்தின்றி இடர்ப்பட்டதை நாடறியும். ஆதலின் இவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. அதிற் சுவர் என்றது உடலையே. மருந்துக்குரிய பணத்தில் ஒரு சதமேனும் வண்ணத்துக்குச் செல்லுதல் முறையன்று. ஒழுகும் கூரையை மறைத்தற்குச் சுவரெழுதுதல் புண்ணின்மேற் சந்தனம் பூசுதல் போலாம். முதலிற் கூரையைச் செப்பனிட வேண்டும். அதே வேளை, ஓவியந் தீட்டச் சென்றோர் வாட்டின் குறைகளையும் நேரிற் கண்டு மீள்வர். கண்டவர் பேசாதிருத்தல் அரிது. அவ்வகையில் தூரிகை ஏந்திய தொண்டர், நோயுற்ற பிள்ளைகளின் பொருட்டு ஊரவரிடம் வழக்குரைப்போரும் ஆகின்றனர்.

இத்தொண்டு ஒரு நாள் விழாவாக முடிந்துவிடலாகாது. எஞ்சிய வண்ணத்தைப் பேணி, வண்ண எண்களைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் வறண்ட பருவத்திலே சிதைந்தவற்றைப் புதுக்கும் பொறுப்பை அயற்பாடசாலை ஒன்று ஏற்றல் வேண்டும். ஆசிரியர் வழிகாட்ட, சித்திரம் பயிலும் மாணவர் கோடிட, பழைய மாணவர் பொருளுதவ, இப்பணி எளிதில் நிறைவேறும். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே சுவரின் முன் நின்று வண்ணந் தோய்ப்பாராயின், பிள்ளைக்கும் தாதிக்கும் இடையே எழுதல்வேண்டுமெனக் கூறிய உரையாடல் அவர்தம்மிடத்தே முதலிற் பிறக்கும். மலையிலிருந்து இறங்கிவந்த பிள்ளை, அயலிடத்துச் சுவரிலே தன் தாயின் கொழுந்துக் கூடையைக் கண்டு அடையாளங் கூறுமாயின், அத்தொண்டு பயன்பட்டதென்று கொள்க.