உப்புக் காற்றில் காரின் குளிர்சாதனம்

அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்கு 2018ஆம் ஆண்டில் ஸ்வராஜ் தீவு என்னும் பெயர் சூட்டப்பெற்றது. பெயர் மாறினும் அங்கு வீசும் உப்புக் காற்று மாறவில்லை. படகுத் துறையிலிருந்து இராதாநகர்க் கடற்கரை வரை ஓடித் திரியும் சிறு கார்கள், இரவில் அக்காற்றிலேயே நனைந்து நிற்கின்றன. இத்தகைய ஊரில் காரின் குளிர்ச்சி குன்றினால் முதலில் ஐயுற வேண்டிய உறுப்பு கண்டென்சர் ஆகும். அதனைப் பேணும் வகையையும், பழுதுற்றால் மாற்றும் முறையையும் இங்கே காண்போம். மும்பையிலும் கோவாவிலும் விசாகப்பட்டினத்திலும் கடலோரம் குடியிருக்கும் நம்மவர்க்கும் இது பயன்படும்.

காரின் முகப்பில், ரேடியேட்டருக்கும் முன்னால், மெல்லிய தகடுகள் செறிந்த பலகை போன்ற ஒன்று நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அதுவே கண்டென்சர். கம்ப்ரெஸர் அழுத்தி அனுப்பும் சூடான வாயு, இதன் தட்டையான அலுமினியக் குழாய்களின் வழியே ஓடித் தன் வெப்பத்தைக் காற்றுக்கு விட்டுத் திரவமாகிறது. அத்திரவம் பின்னர் ஒரு சிறு துளையின் வழியே விரிந்து ஆவியாகும்போது காரின் உள்ளே குளிர்ச்சி பிறக்கிறது. ஆகவே உள்ளே நாம் நுகரும் குளிர், முகப்பில் வெளியேறும் வெப்பத்தைப் பொறுத்தது. கார்ச் சக்கரத்தினுள் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. வெயிற்காலத்தில் கண்டென்சரினுள் அது 15 கிலோவையும் எட்டும். இத்தனை அழுத்தத்தையும் தாங்கி நிற்பது, விரல் நகத்தின் கனமே உடைய அலுமினியச் சுவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அலுமினியம் தன் மேல் தானே ஒரு காப்புப் படலத்தைப் போர்த்திக் கொள்ளும் இயல்புடையது. உப்போ அப்படலத்தை ஊசிமுனை போல் துளைத்து அரிக்க வல்லது. மேலும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75க்கு மேற்சென்றால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சாடியில் காணும் நிகழ்ச்சியே இது. எனவே மழை பெய்யாத இரவிலும் தகடுகளில் படிந்த உப்பு ஈரமாகவே இருந்து அரித்துக் கொண்டிருக்கிறது. மழை நாட்களில் அதில் ஓரளவு கழுவப்பட்டுப் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அத்துணை இல்லை. தீவுகளில் நன்னீருக்குத் தட்டுப்பாடு நேரும் காலமும் அதுவே என்பது ஓர் இடர்ப்பாடு. ஆயினும் இதற்கு வேண்டியது ஒரு வாளி நன்னீரே. வாரம் ஒரு முறை, இஞ்சின் ஆறிய பின், பூவாளி கொண்டு மெல்ல ஊற்றினால் போதும். கிணற்று நீர் உவர்ப்பாயின் அதனைத் தவிர்த்து, தேக்கி வைத்த மழைநீரைப் பயன்படுத்துவது நலம். வண்டி கழுவும் நிலையங்களின் வேகப் பீச்சுநீர் தகடுகளை மடக்கிக் காற்றின் வழியை அடைத்துவிடும். அமிலம் கலந்த துப்புரவு நீர்மங்களோ அலுமினியத்தையே தின்னும். இவ்விரண்டையும் நாம் பரிந்துரைப்பதில்லை.

கார் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர் குறைந்தால், மின்விசிறியோ அழுக்கடைந்த தகடுகளோ காரணமாகலாம். தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தென்பட்டால், அங்கே ஒழுக்கு உண்டென்று கொள்ளலாம். வாயுவோடு கம்ப்ரெஸரின் எண்ணெயும் சுற்றி வருவதே இதற்குக் காரணம். சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். பலர் இந்நிலையில் ஒழுக்கை அடைக்காமல் ஆண்டுதோறும் 'கேஸ்' மட்டும் நிரப்பிக் கொள்கின்றனர். இது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பணம் வீணாவதோடு வேறொரு கேடும் உண்டு. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கையால் ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12 விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆயினும் கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 1,400 மடங்கு புவியைச் சூடாக்குவது. ஒரு சிறு காரில் உள்ள 400 கிராம் கசிந்து போனால், அரை டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு ஒப்பாகும். 2010இல் கடல்நீர் சூடேறியதால் அந்தமான் பவளப் பாறைகள் வெளுத்ததைக் கண்டவர்க்கு இக்கணக்கின் பொருள் விளங்கும்.

துளை விழுந்த கண்டென்சரைப் பசையிட்டு அடைப்பது நிலைக்காது, மாற்றுவதே முறை. முன்னதாகப் பழைய வாயுவைக் கருவியால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும், காற்றில் விடலாகாது. இணைப்புகளைக் கழற்றியவுடன் குழாய் வாய்களை மூடிவிடுவது மிக இன்றியமையாதது. ஹேவ்லாக்கின் காற்றில் உள்ள ஈரம் உட்புகுந்தால், எண்ணெயோடு கூடி அமிலமாகும். சிறு துளையில் உறைந்து வழியையும் அடைக்கும். ஈரம் உறிஞ்சும் டிரையரையும் ரப்பர் வளையங்களையும் உடன் மாற்றுக. சில வண்டிகளில் டிரையர் கண்டென்சரின் பக்கத்திலேயே அமைந்திருக்கும். பழைய பலகையோடு போன அளவுக்குப் புதிய எண்ணெய் சேர்த்து, வேக்குவம் பம்பால் அரை மணி நேரமேனும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பின்னர் பம்பை நிறுத்திச் சற்றுப் பொறுத்து அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதைக் கண்டு சரிசெய்த பின்னரே வாயுவை நிரப்பலாம். இச்சோதனையைச் செய்யாமல் விரைவில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடாதிருப்பது நன்று. நிரப்பும் அளவை இஞ்சின் மூடியின் கீழுள்ள சீட்டில் கண்டு, எடை போட்டே நிரப்ப வேண்டும். மிகுதியானாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும்.

தீவில் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கடல் கடந்தே வருவன. ஆதலின் பழையதைக் கழற்றுமுன் வண்டியின் மாதிரி, ஆண்டு, பாகத்தின் எண் ஆகியவற்றைக் குறித்து அனுப்பி, புதியது வந்து சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். சென்னையிலோ வேறிடத்திலோ உறவினர் வாங்கி அனுப்புவதாயின் ரப்பர் வளையங்களையும் டிரையரையும் சேர்த்தே வாங்கச் சொல்ல வேண்டும். அவற்றுக்காக மற்றொரு கப்பலை எதிர்நோக்கிக் கார் வாரக்கணக்கில் கிடக்க நேரலாம்.